எர்த் குழி

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"
நூருல்லா கேட்ட முதல் கேள்வி அதுதான்.
வண்டி என்ன கம்பெனி, எத்தனை கிலோவாட்
எல்லாம் அதற்கப்புறம்.

மடிப்பாக்கம். கார் நிறுத்துமிடத்துச் சுவர்.
இரண்டு முறை பெயின்ட் அடித்தும்
வேட்டிக் கரைபோல ஒரு பழுப்புக் கோடு
போகவில்லை.
பழைய வண்டி நான்கு நாள்
அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது.
கதவைத் திறந்தபோது பின்சீட்டில் ஒரு கெளுத்தி,
உயிரோடுதான் இருந்தது.

டெஸ்டரைக் கோட்டின்மேல் வைத்தார்.
அதற்கு மேல் ஒரு சாண்.
அதற்கு மேல் இன்னொரு சாண்.
யோசித்து, கட்டைவிரல் நீளம் கூட்டினார்.
"அடுத்த தடவை எவ்ளோ வரும்னு
யாருக்குத் தெரியும்க்கா."
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி,
என் தோளுயரத்தில்.

பிறகு பகல் முழுக்கத் துளை போடும் சத்தம்.
மீட்டர் பெட்டியிலிருந்து புறப்பட்ட தடித்த ஒயர்
மாடிப்படிக்கு அடியில் வளைந்து
மோட்டார் சுவிட்சைத் தாண்டி
மேல்வீட்டு புருஷோத்தமன் சாரின்
செருப்பு ஸ்டாண்டையும் தாண்டியது.
சார் மூன்று முறை இறங்கி வந்தார்.
"பொது மீட்டர்ல குடுக்கலையே?"
"நைட்ல வெடிச்சிடாதே?"
மூன்றாவது முறை ஒன்றும் பேசாமல்
தன் பெட்ரோல் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
படியேறும்போதுதான்:
"மொத்தம் எவ்ளோ ஆச்சு?"

கல் உப்பு பத்து கிலோ, அடுப்புக்கரி ஒரு மூட்டை.
கடையில், வீட்டில் என்ன விசேஷம் என்றார்கள்.
மதிலோரம் குழி.
இரண்டடியில் களிமண்.
நாலடியில் ஏரி வாசனை.
அதற்கும் கீழே நத்தை ஓடுகள்.
ஒன்றைத் துடைத்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் நூருல்லா, மகளுக்கு.
கரி, உப்பு, கரி, உப்பு, நடுவே குழாய்.
"வழி தவறுன கரண்ட்டு
ஆளைப் பிடிக்காம இங்க எறங்கிடும்."

இரவு பத்தரைக்குச் சொருகினேன்.
ஒரு 'டக்'.
பச்சை விளக்கு மெதுவாக மூச்சுவிடத் தொடங்கியது.
மேலே யாரோ
ஃபேன் வேகம் குறைகிறதா என்று
அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

கிளம்பும்போது அவர் சொல்லிப்போனது:
"வெயில் காலத்துல குழியைக் காயவிடாதீங்க.
வாரம் ஒரு குடம் ஊத்துங்க.
மண்ணு காஞ்சா எர்த்து வேலை செய்யாது."

இப்போது சித்திரை.
லாரித் தண்ணீரை எண்ணிப் பிடிக்கிறோம்.
சார் வீட்டுக்கு ஆறு, எங்களுக்கு ஆறு.
ஞாயிற்றுக்கிழமை என் முதல் குடம்
மதிலோரம் போகிறது.
மூடியைத் தள்ளி ஊற்றுகிறேன்.
குமிழிவிட்டுக் குடிக்கிறது,
வீட்டுக்குள் வந்து
சீட்டில் மீனை விட்டுப்போன
அதே மண்.