பின் டிஃபரன்ஷியல்

உயூனியில் காலை ஆறு மணி. குளிரில்
எண்ணெய் பாகாய் இறுகிக் கிடக்கும் என்று
தெருக்கோடி வரை ஒருமுறை ஓட்டிவந்து
லேண்ட் குரூசரின் அடியில் மல்லாந்தாள் செவெரினா.
அச்செல்லாம் உப்பு, வெள்ளைப் பொருக்காய்.

முதலில் மேல் துளை. அது இளகாமல்
கீழ்த் துளையைத் தொடாதே.
வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல்
மூன்று நாள் வண்டி நின்றது
போன வருஷம்.
ஸ்பேனரில் பைப்பைச் செருகி
ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
இளகியது.

கீழ் மூடி கழன்றதும்
கறுப்பாய் வரவேண்டியது
காபியாய் வந்தது,
பால் அதிகம் விட்ட காபி.
முழங்கை வரை வழிந்து நாறியது.

"ஏரிக்குள் இறங்கவே இல்லை அக்கா,
கரையோரமாத்தான் போனேன்."
வெள்ளிக்கிழமை சாவியைத் தந்தபோது
வில்ஃப்ரெடோ அம்மா மேல் சத்தியம் செய்தான்.

மூடியின் காந்தத்தில் இரும்புப் பொடி
மையாய் அப்பியிருந்தது.
வழித்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள்.
சில்லு எதுவும் நெருடவில்லை. பல் உடையவில்லை.

மேல் துளையில் வழியும்வரை
புதுசைப் பம்ப் அடித்து ஏற்றினாள்.
பழசில் கொஞ்சம் ஜாம் பாட்டிலில் பிடித்து
இறுக்கி மூடி
சாப்பாட்டு மேசையில் வைத்தாள்,
அவன் தட்டுக்கு எதிரே,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.