இரண்டு பெட்டித் தோட்டா

முந்நூற்றெண்பது டாலர்.
அதற்குமேல் ஒரு காசும் இல்லை என்று
கடை வாசலிலேயே சொல்லிவிட்டாள் லெம்பி.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற சம்பளம்.

ஆர்வோ முதலில் எடுத்தது இத்தாலித் துப்பாக்கி,
வெள்ளித் தகட்டில் பறவைகள் செதுக்கியது.
"பறவையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.
பன்னிரண்டு கேஜைக் காடெல்லாம் சுமந்தால்
திங்களன்று தோள் ஸ்டியரிங் பிடிக்காது.

மூலையில் அந்தப் பதினாறு.
ஒரு பவுண்டு ஈயத்தைப் பதினாறு கூறாக்கினால்
ஒரு கூறு உருண்டு நுழையும் குழல்.
கட்டையில் யாரோ ஆணியால் கீறிய
பாதிப் பெயர்.
கண்ணை மூடித் தோளில் சாய்த்தாள். திறந்தாள்.
குழல்முனைப் பித்தளை மணி
சுவரில் மாட்டிய மான்தலையின்
மூக்கில் நின்றது.

"தோட்டாவுக்குத்தான் அலைய வேண்டும்."
தூசி தட்டி இரண்டு பெட்டி வைத்தான்.
கடையில் இருந்ததே அவ்வளவுதான்.
பதினாறும் பெற்றவர்களுக்குத்
தோட்டா மட்டும் வாய்ப்பதில்லை.

மறுநாள் விடியல். அக்டோபர் மிச்சிகன்.
தலைக்கு மேலும் காலுக்குக் கீழும்
ஆஸ்பென் மஞ்சள்.
நாய் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்தது.
புதரிலிருந்து வெடித்துக் கிளம்பியது கௌதாரி;
துப்பாக்கி தானாகத் தோளேற
விரல் இழுத்தது, இன்னும் இழுத்தது,
ஒன்றுமில்லை.
பாதுகாப்பு விசையைத் தள்ள மறந்திருந்தாள்.

நாய் திரும்பிப் பார்த்தது,
விலை விசாரிப்பதுபோல.