பிணை

மலை சரிந்த மூன்றாம் நாள்
சேரம்பாடிப் பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு குடும்பம்.
ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு.
தொட்டியில் பிளீச்சிங் பவுடரை
நானே கரைத்தேன், அளவு பிசகாமல்.

விடிந்தால் குடங்களெல்லாம்
தொட்டியைத் தாண்டிப் போகின்றன
சரிவுக்குக் கீழே, கலங்கல் ஊற்றுக்கு.
மைக்கில் கத்தினேன்.
நோட்டீஸ் ஒட்டினேன், கிருமிக்குக் கொம்பு வைத்த படத்தோடு.
பிள்ளைகள் அதற்கு மீசை வரைந்தார்கள்.
அன்றிரவு அறிக்கையில், காரணம் என்ற கட்டத்தில்
அறியாமை என்று எழுதி ஊட்டிக்கு அனுப்பினேன்.

நோயாளிகளை எண்ணப் போனால்
ஆறாம் வகுப்பில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.
பெஞ்சுக்கு அடியில் ஒரு கால் மட்டும்
நடுங்கிக்கொண்டிருந்தது.

மழை விடவில்லை, ஜீப் வரவில்லை.
நோட்டை மூடிவிட்டு
சத்துணவுக் கூடத்து அடுப்போரம் குந்தினேன்.
சவரியாயி தேத்தண்ணி ஊற்றினாள்.
தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள்
கடல் தாண்டி வந்த லயன்காரர்கள்.
"ஊத்துத் தண்ணியா இது?"
"ஆமா சார். தொட்டித் தண்ணி மண்டபம் நாறுது."

கப்பல் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தபோது
அவளுக்கு ஆறு வயது.
வரிசையில் நிற்கவைத்து
இந்த வாடையைத்தான் தூவினார்களாம்
தலையில், மூட்டையில், அப்பாவின் ரேடியோவில்.
தம்பிக்கு உடம்பு சுட்டது.
ஒருத்தர் பேரெழுதினார்.
பேரெழுதின பிள்ளை தகரக் கொட்டகைக்குப் போனது.
அதற்கு மேல் அவள் சொல்லவில்லை,
விறகை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் டீ ஃபேக்டரி கொதிகலனில்
வெந்நீர் கேட்டு வாங்கினோம்.
கொழுந்து ஏற்றும் டிராக்டரில் கேன் கேனாக வந்தது.
தேயிலைத் தூசி மணத்தது. குடித்தார்கள்,
எல்லோருமல்ல.

பெஞ்சடிக் கால் அவள் புருஷன் ராயப்பனுடையது.
கண் குழிவிழுந்துவிட்டது,
கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.
கூடலூருக்குப் போயாக வேண்டும்.
ஆம்புலன்ஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.
"மகள் கூடப் போகட்டுமே" என்றேன்.
"போகட்டும். நீங்க என்ன குடுப்பீங்க?"
எனக்குப் புரியவில்லை.
என் கழுத்தைக் காட்டினாள்.
போட்டோ ஒட்டிய அட்டை, முத்திரை, நீல நாடா.
"அவரு வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

கழற்றிக் கொடுத்தேன்.
ஈரம் படாமல் அரிசிப் பையில் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
ஆறு நாள்
வாசல் போலீஸ்காரர் தினமும் கேட்டார்,
"யாரு நீங்க?"

இரண்டாம் நாளே, சூடான பிள்ளைகளைத் தோளில் போட்டபடி
இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.
ஒருத்தி
என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.