ஒரு கிலோ நூற்றெண்பது

செவ்வாய்க்கிழமை. சலூன் இல்லை.
திறந்திருந்தாலும் என் தலையில் கத்திரி வைக்க
இந்த அனுப்பர்பாளையத்தில் எந்தக் கை துணியும்?
டீ நேரத்தில் கட்டிங் டேபிளுக்குப் போனேன்.
"ஈஸ்வரமூர்த்தி, உன்ற கத்திரி வேணும்.
கையும் வேணும்."

"ஏனுங்க்கா, பழனிக்கு நேந்திருக்கீங்களா?"
இல்லை.
"கனவுல ஆத்தா வந்து கேட்டாளா?"
இல்லை.
"அப்பறம் எதுக்குங்க்கா?"
வண்டி பழகுகிறேன், ஹெல்மெட் நுழையவில்லை என்றேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

பதினான்கு வருசத்துக்கு முன்னால்
ஆறாம் மாதத்தில் கலைந்த பிள்ளைக்குப் பிறகு
நான் சீப்பை எடுக்கவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.
ஆவணியில் படுத்தேன்.
தையில் எழுந்தபோது பின்னந்தலையில் ஒரு கூடு.
எண்ணெய் வைத்துப் பிரித்துவிடலாம் என்றாள் நங்கை.
மாமியார் விடவில்லை.
அதுவரை என்னைக் கரித்த வாயால்
"சாமி" என்றாள், மஞ்சத்தண்ணி தெளித்தாள்.

அந்தச் சொல் வசதியாக இருந்தது.
அழுதால் அருள்.
பேசாமல் கிடந்தால் விரதம்.
அவர் வேறு பாயில் படுத்ததற்கும்
யாரும் காரணம் கேட்கவில்லை.

அவிநாசி பஸ்ஸில் எழுந்து இடம் விடுவார்கள்.
கைக்குழந்தையைக் கொண்டுவந்து
மடியில் கிடத்தித் திருநீறு கேட்பார்கள்,
என் மடியில்.
பூசி அனுப்பினேன்.
சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டது.
விடாத பிள்ளைகளின் தாய்மார் திரும்பி வரவில்லை.

போன மாதம் ஒருத்தி வந்தாள், பெருமாநல்லூர்க்காரி.
இருபத்திரண்டு இருக்கும். தலை சீவி எத்தனை நாளோ.
"உங்களாட்டம் எனக்கும் விழுமுங்களா?" என்று
ஆசையாகக் கேட்டாள்.
அவள் தலையில் கை வைத்தேன்.
விரல் இன்னும் நுழைந்தது.
சிக்கெடுத்து முடிக்க முக்கால் மணி நேரம்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
அவள் போன பிறகும்
அந்தச் சீப்பை நான் கழுவவில்லை.

ஓவர்லாக் மிசின்கள் ஒவ்வொன்றாக நின்றன.
"கம்பெனிக்குள்ள வேண்டாமுங்க" என்று
கைகூப்பினார் மேனேஜர்.
எட்டு மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுகிறவன்
என் பிடரியில் சாக்பீஸ் கோடு போட
மூன்று முறை அழித்தான்.
"சைஸ் என்னுங்க்கா?"
மீடியம் என்றேன்.
முதலில் சிரித்தது செக்கிங் பாவாத்தாள்.
அப்புறம் அவளேதான் அழுதாள்.

கத்திரி மென்றது. துணி போல அறுபடவில்லை.
கையில் வாங்கி விரலால் வழித்துப் பார்த்தேன்.
உள்ளே முழுக்கப் பனியன் பஞ்சு.
ஓரிடத்தில் கிளிப்பச்சை, எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கோ
ராத்திரி பகலாகத் தைத்தோமே அந்த ஆர்டர்.
ஒரு சாண் தள்ளி மாஸ்க் தைத்த வருசத்து நீலம்.
அறுத்த பக்கம் நரை.
நுனியில் மட்டும் நல்ல கறுப்பு,
சீப்பை மறந்த வருசத்தின் கறுப்பு.

நொய்யலில் விட்டுவிடு என்றார்கள்.
நொய்யலில் விட இனி என்ன பாக்கி?
வழியில் பனியன் வேஸ்ட் கடைத் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோ நூற்றெண்பது.
கடைக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டு
"இதெல்லாம் நாங்க எடுக்கறதில்லீங்" என்றான்.
விற்க வரவில்லை தம்பி,
எடை தெரிய வேண்டியிருந்தது.
அன்றைக்கு ஆஸ்பத்திரியில்
யாரும் எனக்கு எடை சொல்லவில்லை.

பஸ்ஸில் ஒருவரும் எழவில்லை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
பழைய பாரத்துக்கு ஈடு கொடுத்த கழுத்து
இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது.
பிடரியில் காற்று பட்டுக் கூசியது.
மடியிலிருந்த பையை எட்டிப் பார்த்துவிட்டு
கண்டக்டர் சலித்துக்கொண்டார்:
"ஏம்மா, வழியிலயே நின்னுக்கிட்டு,
சித்த உள்ள நவுந்து போ."

நகர்ந்தேன்.