பதினான்கு நாள் கையிருப்பு

டிசம்பரில் வீட்டுத் தொலைபேசியைத் துண்டித்தார்கள்
ஆர்வோவும் லோர்னாவும்.
மாதம் இருபத்தாறு டாலர் மிச்சம்.
அழைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம்
கடன் அட்டை விற்பவர்கள்தான்.

தொலைக்காட்சிக்குக் கீழே கிடந்த ரெக்கார்டரை மட்டும்
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
தினம் இரவு இரண்டரை மணிக்கு
அந்தக் கம்பி வழியே எங்கோ ஓர் எண்ணை அழைத்து
எந்தச் சானலில் என்ன வரும் என்று
இரண்டு வாரத்துக்குக் கேட்டுவைத்துக்கொள்ளும் அது.
அன்றிரவும் அழைத்தது.
மறுபடி அழைத்தது.
பதினான்கு நாள் பதின்மூன்றானது.

டுலூத்தில் பனி கொட்டும் வாரங்களில்
ஆர்வோ நகராட்சியின் பனிவாரி ஓட்டுகிறான்.
லோர்னா நள்ளிரவில் ரொட்டி ஆலைக்குக் கிளம்புவாள்.
ஒருவர் எழுந்த போர்வையின் சூட்டில்
மற்றவர் படுத்துக்கொள்வார்.
இருவரும் பேசிக்கொண்டது
பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான்:
சமையல் போட்டியை அவன் எந்த நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறான்
என்று பார்த்தால் போதும்,
எப்போது தூங்கிப்போனான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.
பார்த்து முடித்ததை இருவருமே அழிப்பதில்லை.

ஒன்பது நாள்.

கம்பியில்லாத அடாப்டர் ஐம்பத்தொன்பது டாலர்.
கூடத்துக்கும் நிலவறை ரௌட்டருக்கும் நடுவே
செங்கல் புகைபோக்கி வேறு நிற்கிறது.
"அலை அதில் முட்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்,
கேபிளே இழு"
என்றான் பனிவாரிக் கொட்டகையில் டெல்பர்ட்.

கேபிளுக்கான அடாப்டர் மலிவுதான்.
ஆனால் ரெக்கார்டர் எல்லோருடனும் பேசாது.
அதற்குப் பிடித்த சில்லு உள்ளே இருக்க வேண்டும்.
அதே அட்டைப்பெட்டி, அதே படம், அதே பெயர்;
அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில்
கடுகளவு இரண்டு என்று இருந்தால் ஆகாது,
ஒன்றும் எழுதாமல் இருந்தால் ஆகும்.
புதுசைத் தள்ளிவிட்டுப் பழசைக் கேட்கும் பொருளை
ஆர்வோ அதுவரை கண்டதில்லை,
தன் முதுகைத் தவிர.

வண்டியை ஓரங்கட்டி ஒரு கடைக்குப் போன் போட்டான்.
"தலைகீழாகத் திருப்பிப் படியுங்கள் அம்மா."
"இரண்டுதான் சார்."
இன்னொரு கடை. "இரண்டு."
தபாலில் ஒன்று கிடைத்தது, ஆறு டாலர்;
அனுப்பும் கூலி எட்டு.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அதிலும் என்ன சில்லு என்று அவர்களுக்கே தெரியாது.

நான்கு நாள்.

லூத்தரன் சர்ச்சின் பழம்பொருள் விற்பனையில்,
ஒற்றைக் கையுறைகளும் ஃபோண்டூ சட்டிகளும் கிடந்த பெட்டியில்
அது இருந்தது. மூன்று டாலர்.
ஆர்வோ அதைக் கவிழ்த்துப் பார்த்தான்.
கண்ணாடியை மாற்றிப் பார்த்தான்.
எண் இல்லை.
விற்ற அம்மாளிடம் ஐந்து டாலர் தாளைக் கொடுத்து
மீதி வாங்க மறந்து வந்தான்.

தரையில் துளை போடும்போது
முதல் துளை உத்திரத்தில் போய் முட்டியது.
அதை அப்படியே விட்டு
ஒரு முழம் தள்ளி இன்னொன்று.
கேபிள் இறங்கியது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது.
அதற்குள் கொட்டகையிலிருந்து அழைப்பு:
ஏரிப்பக்கம் எட்டு அங்குலம்.
போய்விட்டான்.

விடிகாலை லோர்னா வந்தபோது
சட்டையெல்லாம் மாவு.
கோட்டைக் கழற்றாமல் திரை முன் நின்றாள்.
எழுபது சதவீதம். எண்பத்தி நாலு.
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது; அவளும் நின்றாள்.
பிறகு பட்டியல் திறந்தது,
அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், வியாழன் வரை.

சமையல் போட்டியைப் போட்டாள்.
இருபத்திரண்டாம் நிமிடம்:
நடுவரின் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நிற்கிறது.
ஜெயித்தது யார் என்று பார்த்துவிடலாம்.
அணைத்தாள்.

கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது.
அந்தத் தப்பான துளை.
ஒரு காலுறையைக் கழற்றிச் சுருட்டி
அதில் திணித்துவிட்டுப் படுக்கப் போனாள்.