கழிவுத் தட்டு

காரைக்குடியில் இறங்கும்போது மணி மூன்றேகால்.
ஆட்டோக்கார ரபீக் ஒரு வார்த்தை பேசாமல்
கோட்டையூரையும் பள்ளத்தூரையும் தாண்டினார்.
புதுவயலுக்கு ஒரு மைல் முன்பே
மூக்குக்குத் தெரிந்துவிட்டது,
ஊறல் நெல் வேகிற புளித்த ஆவி.
"வந்துட்டமா" என்றாள் உமையாள்
கண்ணைத் திறக்காமல்.

இருபத்து நான்கு நாள்.
பூட்டு எனக்குத் திறக்கவில்லை.
மெய்யம்மை சாவியை வாங்கி
கதவை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளித் திருகினாள்.

உள்ளே பிரிட்ஜ் என்றைக்கோ மூச்சை விட்டிருந்தது.
அரைத் தூக்கு இட்லி மாவு
மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டுத் தட்டாக இறங்கி
காய்கறிப் பெட்டிக்குள் போய்க் காய்ந்திருந்தது.
"கீழ்வீட்டுல குடுத்துடுங்கன்னு கிளம்புற அன்னிக்கே சொன்னேன்."
சொல்லியிருப்பாள்.
நான் அப்போது நெல்லூர்க்காரரோடு போனில் இருந்தேன்.

என் பிழைப்பு அரிசி ஆலைகளில்
கலர் சார்ட்டர் பழுது பார்ப்பது.
அரிசி அருவியாக விழும், கேமரா பார்க்கும்.
கருப்பு, பழுப்பு, வயிறு வெளுத்தது, கல்
எது வந்தாலும் டிக்கென்று ஒரு ஊதல்,
கழிவுத் தட்டில் போய் விழும்.

நெல்லூர் மூன்று நாள், மிரியாலகூடா ஐந்து.
செகந்திராபாத்தில் மச்சான் மகனுக்கு முதல் பிறந்தநாள்,
எல்லோரும் கைதட்டியபோது நான் பால்கனியில்
"பிரஷர் எவ்வளவு காட்டுது" என்று
உடைந்த இந்தியில் கத்திக்கொண்டிருந்தேன்.
போட்டோவில் கண்ணாடிக்குப் பின்னால் என் முதுகு இருக்கிறது.

கங்காவதியில் உதவிக்கு ஆள் வரவில்லை.
உமையாள்தான் இரண்டு மணி நேரம் டார்ச் பிடித்தாள்,
கை வலிக்கிறது என்று சொல்லாமல்
கையை மட்டும் மாற்றி மாற்றி.
அப்புறம் தவிட்டு மூட்டைமேல் தூங்கிப்போனாள்.
ஆலைக்காரர் மனைவி எழுப்பி
சோள ரொட்டி ஊட்டினார்.

மறுநாள் ஹம்பி.
கல்தேருக்கு முன்னால் மெய்யம்மை சேலையைச் சரிசெய்து நிற்க,
போன் அடித்தது.

திங்களுக்குள் கோயம்புத்தூருக்குக் கணக்கு போக வேண்டும்.
இரண்டே கட்டம், அலுவல், சொந்தம்.
மாவு நாற்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன்.
ஹம்பிக்குக் கார் ஆயிரத்து எண்ணூறு, சொந்தம்.
அந்தத் தேரடியில் நின்று
போனிலேயே சரிசெய்து கொடுத்த மிரியாலகூடா வால்வு?
டார்ச் பிடித்த கூலி?
பேனாவை மூடி வைத்தேன்.

தூக்கம் கலைந்த உமையாள் தன் பையைக் கவிழ்த்தாள்.
வளையல், ரயில் ஸ்பூன், ஒரு தீப்பெட்டி.
தீப்பெட்டி நிறைய கங்காவதிக் கழிவு.
"அப்பச்சி, இதுல நல்ல அரிசியும் கெடக்கே.
மெஷின் ஏமாந்துருச்சா?"

ஏமாறவில்லை.
காற்றுக்கு விரல் கிடையாது.
ஒரு கருப்பை ஊதினால் பக்கத்தில் விழுகிற
இரண்டு மூன்று நல்லதும் கூடவே போகும்.
அதனால்தான் கழிவை மறுபடி மேலே ஏற்றி
இன்னொரு தடவை ஓட்டுகிறோம்.

"அப்பவும் போகுமா?"
"அப்பவும் கொஞ்சம் போகும்."

அவள் செய்தித்தாளை விரித்து
ஆள்காட்டி விரலால் பிரிக்க ஆரம்பித்தாள்.
பிரிட்ஜுக்குள் தலையை விட்டிருந்த மெய்யம்மை
"கணக்கு எங்கயும் ஓடிப்போகாது,
தொட்டியில தண்ணி இருக்கான்னு பாருங்க" என்றாள்.

மாடிக்குப் போனேன்.
தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்,
அதில் செத்த பல்லி ஒன்று.
ஆலைக் களத்தில் அதற்குள் ஆள் இறங்கிவிட்டது,
ஆவி பறக்கிற நெல்லை
காலால் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டு நடந்தார்கள்.

போன் அடித்தது. நெல்லூர்.
நான்கு மணி அடிக்க விட்டு எடுத்தேன்.
படிக்கட்டு வழியாக அவள் எண்ணுவது கேட்டது,
நாற்பத்தொண்ணு,
நாற்பத்திரெண்டு.