முந்நூற்றுப் பன்னிரண்டு பேரோடு இறங்குதல்

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தி
அரக்கு உருக்கி முத்திரை வைத்து
பதினேழு இடத்தில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது
மலைப் பள்ளிக்கூடத்துக்குள் இருட்டு வந்து
முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

நான்கு கழுதைகள்.
ஒன்றின் முதுகில் இயந்திரம்.
ஒன்றில் மறைப்பு அட்டையும் சாமான் மூட்டையும்.
ஒன்றில் காலித் தண்ணீர்க் கேன்கள்.
நான்காவது சும்மா வந்தது.
"சின்னது சார், பழகட்டும்னு கூட்டியாந்தேன்"
என்றார் மாதேசன்.

ஏறும்போது மூச்சு வாங்கியது, நின்றால் அடங்கியது.
இறக்கத்தில் நிற்பதுதான் சிரமம்.
யாரோ கழற்றி அவசரமாக மாட்டியது போல
முழங்கால் இரண்டும் ஆடுகின்றன.
கால் கட்டைவிரல் நகம் ஷூவின் மூக்கில்
அடிக்கு அடி பொத்தானை அழுத்துகிறது,
'பீப்' சத்தம் மட்டும்தான் இல்லை.
சரளைக்கல்லுக்கு ரகசியம் காக்கத் தெரியாது,
மிதித்தவுடன் பள்ளத்துக்குச் சொல்லிவிடுகிறது.

"டார்ச்சை அணைங்க.
வெளிச்சம் போட்டா அதுங்களுக்கு
நெழலெல்லாம் குழியாத் தெரியும்."
ஏட்டு குழந்தைவேலு முனகிக்கொண்டே அணைத்தார்.
குளம்புச் சத்தத்தைக் கையில் பிடித்தபடி
ஐந்து அரசு ஊழியர்கள் இறங்கினோம்.

காய்ந்த மூங்கில் வாசம்.
காது ஒருமுறை அடைத்துத் திறந்தது.
திறந்ததும் வெகு கீழே பாலக்கோடு,
மண்டிக்குப் போகும் தக்காளி லாரிகளின்
விளக்குகள் எறும்பு நடையில்.

நாங்கள் வேட்பாளர் இல்லை என்று சொல்லியும்
மேலே எல்லோரும் எங்களிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள்.
ரோடு.

"ரோடு வந்தா உங்க கழுதைங்க என்ன ஆகும்?"
கேட்டிருக்கக் கூடாது.
இறக்கத்தில் வாயும் தானாக வழுக்குகிறது.

நாலைந்து வளைவுக்கு மாதேசன் பேசவில்லை.
பிறகு ஒரு ஊஞ்ச மரத்தடியில்
கயிற்றை இறுக்குவது போல நின்று,
"எங்க கொழுந்தியாளைத் தூளி கட்டித் தூக்கியாந்தப்ப
இங்கதான் சார் பனிக்குடம் ஒடஞ்சது.
நானும் ரோட்டுக்குத்தான் போட்டேன்."

யாருக்குப் போட்டோம் என்று வெளியில் சொல்லக் கூடாது, விதி இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
நான் ஒட்டிய பட்டியலில்
ரோடு என்றொரு சின்னம் கிடையாது.

முந்நூற்று நாற்பத்தொன்றில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
முன்னால் போகும் முதுகில் குலுங்கிக்கொண்டே வருகிறார்கள்.
அவர்களில் நான் இல்லை.
என் தபால் வாக்குப் படிவம்
பென்னாகரத்தில் ஏதோ மேசையில், இந்த முறையும்.

தார்ச்சாலையில் கால் வைத்தேன்.
தரை சமமாகிவிட்டதை நம்பாமல்
உடம்பு பின்னால் சாய்ந்தே நின்றது.
போன் விழித்து நடுங்க ஆரம்பித்தது. எடுக்கவில்லை.
ஜீப்காரர் இன்னும் மூன்று கையெழுத்துக் கேட்டார்.

பாரம் இறங்கியதும் கழுதை
முதுகை ஒரு உலுக்கு உலுக்கியது,
தாரில் படுத்துப் புரளப் பார்த்தது,
பகல் சூடு இன்னும் இருந்ததால் எழுந்து
ஓரத்து மண்ணைத் தேடிப் போய்
நான்கு காலும் வானத்தைப் பார்க்கப் புரண்டது.

சின்னது பக்கத்தில் நின்று பார்த்தது.
பழகட்டும்.